டாக்சிசைக்ளினை ஏன் படுத்தபடி விழுங்கக் கூடாது?

எலிக்காய்ச்சலுக்கும் உண்ணிக்காய்ச்சலுக்கும் மருத்துவர்கள் பெரிதும் நம்பும் மருந்து டாக்சிசைக்ளின். இலங்கையில், சேற்றில் இறங்கும் நெல் விவசாயிகளுக்கு எலிக்காய்ச்சல் வராமல் தடுக்கவும் இதைக் கொடுக்கிறார்கள். பாக்டீரியாவுக்குள் புரதம் உருவாகும் இடம் ரைபோசோம். மருந்து அங்கே ஒட்டிக்கொண்டு உற்பத்தியை நிறுத்துகிறது. கிருமியால் பெருக முடிவதில்லை. நம் செல்களின் ரைபோசோம் அமைப்பில் வேறுபட்டது என்பதால் பெரும்பாலும் தப்பிக்கிறது.

ஆனால் உணவுக்குழாய்க்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. இந்த மருந்து கரையும்போது கடுமையான அமிலத்தன்மை பெறுகிறது. இரவில் ஒரு வாய்த் தண்ணீரோடு விழுங்கிவிட்டு உடனே படுத்தால், மாத்திரை வயிற்றை எட்டாமல் வழியிலேயே ஒட்டிக்கொள்ளும். அந்த இடம் வெந்து புண்ணாகும். மறுநாள் எச்சில் விழுங்கினாலே நெஞ்சு வலிக்கும்; மாரடைப்போ என்று பயந்து ஓடுபவர்களும் உண்டு. ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் குடித்து, அரை மணி நேரமாவது நிமிர்ந்திருந்தால் இந்த வேதனையைத் தவிர்க்கலாம். மருந்துச் சீட்டைத் தரும்போதே இதைச் சொல்லியாக வேண்டும்.

வெயிலும் கவனிக்க வேண்டியதே. தோலில் சேர்ந்த மருந்து புற ஊதாக் கதிரை உறிஞ்சி அருகிலுள்ள செல்களைச் சிதைப்பதால், வழக்கமான வெயிலிலேயே முகமும் கையும் எரிந்து சிவக்கலாம்.

இரும்புச்சத்து மாத்திரையையும் அமில முறிவு மருந்தையும் இதோடு சேர்த்து விழுங்கக் கூடாது. அவற்றிலுள்ள உலோக அயனிகள் மருந்தைப் பிடித்துக்கொள்ளும். குடல் உறிஞ்சும் அளவு குறைந்துவிடும். சில மணி நேர இடைவெளி தேவை.