காஷ்மீர் ஏரிகளும் ஒரு தலைவலியும்

மலையேறப் போகிறோம் என்று சொன்னால் ஹாஸ்டலில் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "கால் தாங்குமாடா?" என்பதுதான். இருபது வயதில் கால் தாங்காமல் என்ன? கேட்க வேண்டிய கேள்வி வேறு. தலை வலித்தால் எந்தப் பக்கம் இறங்குவது?

2024 ஆகஸ்டில் நாங்கள் ஆறு பேர் 'காஷ்மீர் கிரேட் லேக்ஸ்' என்ற பாதையில் ஒரு கைடுடன் நடந்தோம். (அட்டெண்டன்ஸ் கணக்கு தனிக்கதை. ஹெச்.ஓ.டி. படிக்கும் மலரில் அதை எழுத முடியாது.) சோனாமார்க் பக்கம் ஆரம்பித்து விஷன்சர், கிருஷன்சர், கட்சர், சத்சர், கங்காபல் என்று ஏரி ஏரியாகத் தொட்டுக்கொண்டு போய், கடைசியில் நாராநாக் கிராமத்தில் இறங்க வேண்டும். சுமார் 70 கிலோமீட்டர். ஓய்வு நாளையும் சேர்த்தால் ஒரு வாரம். கூடாரமும் சமையல் சாமானும் கோவேறு கழுதை முதுகில் வரும். மற்றதெல்லாம் நம் முதுகில்.

உயரத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நம் தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான். சோனாமார்க்கில் வண்டியை விட்டு இறங்கும்போதே அதைத் தாண்டிவிடுகிறோம். இந்தப் பாதையின் உச்சமான கட்சர் கணவாய் சுமார் 4,200 மீட்டர். அங்கே ஆக்ஸிஜன் குறைவு என்பார்கள். காற்றில் அதன் பங்கு அங்கேயும் அதே 21 சதவீதம்தான், குறைவது அழுத்தம். கடல் மட்டத்தில் 760 மில்லிமீட்டர் பாதரசம் என்று படித்தோமே, அது அங்கே 450 அளவுக்கு இறங்கிவிடும். அதனால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்ஸிஜன் இங்கே கிடைப்பதில் பத்தில் ஆறு பங்குதான். தெர்மல் பேப்பரில் அரியர் வைத்தவர்களுக்கும் புரிகிற ஆதாரம் ஒன்று: விஷன்சர் கரையில் தண்ணீர் 90 டிகிரிக்குக் கீழேயே கொதித்துவிடுகிறது. குக்கர் இல்லாமல் வைத்த பருப்பு கடைசி வரை வேகவே இல்லை.

உடம்பு இதற்குப் பழகும், ஆனால் நாள் எடுக்கும். 3,000 மீட்டருக்கு மேலே, படுக்கிற இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஓய்வு வேண்டும் என்பது பொதுவான விதி. அவசரப்பட்டால் தலைவலி, குமட்டல், பசியின்மை. அதையும் மீறி ஏறினால் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோக்கும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலும், நேர்கோட்டில் அடிமேல் அடி வைத்து நடக்க முடியாமல் தள்ளாடினாலும் உயிருக்கு ஆபத்து. இதற்கு முதல் மருந்து, உடனே கீழே இறங்குவது.

இந்தப் பாதையின் வில்லங்கம் அங்கேதான் இருக்கிறது. முதல் இரவு நிச்னாயில் தங்குகிறோம். மறுநாள் 4,000 மீட்டரைத் தாண்டிய நிச்னாய் கணவாயைக் கடந்து, அந்தப் பக்கம் விஷன்சருக்கு இறங்குகிறோம். அங்கே ஒருவனுக்கு முடியாமல் போனால்? முன்னே கட்சர் கணவாய், பின்னே நிச்னாய் கணவாய். வந்த வழியே இறங்க வேண்டுமென்றாலும் முதலில் ஏற வேண்டும். ஆக, தலைவலியைச் சொல்ல வேண்டிய இடம் நிச்னாய்.

எங்கள் கைடு நாற்பது வயதுக்காரர், 'பாயி' என்று கூப்பிடுவோம். அன்று ராத்திரி கூடாரம் கூடாரமாக வந்து, ஒவ்வொருத்தரும் எத்தனை சப்பாத்தி சாப்பிட்டோம் என்று விசாரித்தார். விருந்தோம்பல் என்று நினைத்தோம். எலெக்ட்ரிகல் நண்பன் ஒருவன் ஒன்றுகூடச் சாப்பிடவில்லை. "ஒண்ணுமில்ல பாயி, ட்ரெயின் அலுப்பு" என்றான். காலையிலும் தலைவலி விடவில்லை, டீ குடித்ததும் வாந்தி. பாயி ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. அவன் பையை மட்டும் தனியே எடுத்து வைத்தார். ஒரு வருடமாகப் பணம் சேர்த்து வந்தவன், "மாத்திரை போட்டா சரியாயிடும்டா, நீங்களாவது சொல்லுங்கடா" என்று எங்களைப் பார்த்துக் கெஞ்சினான். நாங்கள் வாயைத் திறக்கவில்லை. உதவியாளர் ஒருவர் துணையோடு சோனாமார்க்குக்கு இறங்கினான். மத்தியானத்துக்குள் தலைவலி போய் ரெண்டு பிளேட் சோறு சாப்பிட்டானாம்.

கைடு எதற்கு, வழிதான் தெளிவாக இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. வழி தெளிவுதான். ஆனால் அந்தக் காலையில் ஆறு பேரும் நண்பர்கள். 'நீ போகாதே' என்று சொல்ல, நண்பன் அல்லாத ஒருவர் தேவைப்பட்டார்.

ஏரிகளைப் பற்றி சிவில் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. இவை பெரும்பாலும் பனியாறு குடைந்த பள்ளங்கள். அது தள்ளிக்கொண்டு வந்த கல்லும் மண்ணும் பல இடத்தில் கரையாக நிற்கும். எஸ்டிமேட் போடாமல் கட்டிய மண் அணை! கங்காபலின் பின்னால் 5,142 மீட்டர் ஹர்முக் சிகரம். சாயங்காலம் அதன் நிழல் தண்ணீரில் விழுந்தபோது ஐந்து பேரும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். எங்கள் செட் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்தது பரீட்சை ஹாலில்கூடக் கிடையாது.

போகிறவர்களுக்குச் சில. பாதை ஜூலையிலிருந்து செப்டம்பர் வரைதான். அந்த வருடம் திறந்திருக்கிறதா என்று விசாரித்த பிறகே டிக்கெட் போடுங்கள். ராணுவச் சோதனைச் சாவடிகள் உண்டு, அசல் அடையாள அட்டை அவசியம். பையில் கனமான சாமானை முதுகை ஒட்டி வையுங்கள். இடுப்புப் பட்டையை இறுக்கினால் பாரம் தோளை விட்டு இடுப்புக்கு வந்துவிடும். புது ஷூவோடு போகவே போகாதீர்கள். கடைசி நாள் நாராநாக்குக்கு ஆயிரம் மீட்டருக்கு மேல் ஒரே இறக்கம், கால் விரல் நகம் கழன்றுவிடும்.

எலெக்ட்ரிகல் நண்பன் அடுத்த ஆகஸ்டுக்கு இப்போதே உண்டியல் வைத்திருக்கிறான். இந்தத் தடவை சோனாமார்க்கிலேயே ரெண்டு ராத்திரி கூடுதலாகத் தங்கப் போகிறானாம்.