சிறு துளையும் நீண்ட பயிற்சியும்

திருச்செங்கோடு, சங்ககிரி, நாமக்கல் வட்டாரத்தில் லாரியோ ரிக் வண்டியோ சோறு போடாத தெரு அரிது. அந்தச் சோற்றுக்குப் பலரும் இடுப்பை விலையாகக் கொடுக்கின்றனர். எங்கள் மதரஸாவில் பிள்ளையைச் சேர்த்திருக்கும் ரிக் தொழிலாளி ஒருவர், இடுப்பிலிருந்து கணுக்கால் வரை இழுக்கும் வலியோடு வந்தார். அறுவை என்ற சொல்லைக் கேட்டதுமே, "முதுகுல கத்தி வெச்சா படுத்த படுக்கைதான் ஹஜ்ரத்" என்று நடுங்கினார்.

அந்த அச்சம் காரணமின்றி எழுந்ததன்று. முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துவதே இத்தகைய கால்வலிக்குக் காரணம் என்பதை 1934இல் பாஸ்டன் மருத்துவர்கள் மிக்ஸ்டர், பார் இருவரும் எடுத்துக்காட்டினர். அக்காலத்தில் முதுகை நீளக் கீறி, தசையை எலும்பிலிருந்து பிரித்தே வட்டை எடுத்தார்கள். 1997இல் அமெரிக்க மருத்துவர்கள் ஃபோலியும் ஸ்மித்தும் வேறு வழியை விளக்கினர். தசை நார்களை வெட்டாமல் விலக்கி, விரல் பருமனுள்ள குழாயைச் செலுத்தி, உள்நோக்கியின் துணையோடு திரையைப் பார்த்தே பிதுங்கலை அகற்றுவது அம்முறை. நோயாளி பெரும்பாலும் ஓரிரு நாளில் வீடு திரும்புகிறார்.

தழும்பு சிறியது; ஆதலால் வேலையும் எளியது என்று எண்ணிவிடலாகாது. ஆழ்துளை போடுபவருக்கு இது நன்கு புரியும். உள்ளே நடப்பது அவர் கண்ணுக்குத் தெரியாது. மேலே வரும் மண்ணையும் எந்திரத்தின் ஓசையையும் கொண்டே பாறையை அறிகிறார். மருத்துவருக்கும் கண் திரையில், கை குழாயில். சிறிது இரத்தம் கசிந்தாலும் பார்வை மறைந்துவிடும். கை தவறினால் நரம்புகளைச் சூழ்ந்த மெல்லுறை கிழியும். புதிதாகக் கற்பவரின் தொடக்க அறுவைகளில் நேரம் கூடுவதும், இத்தகைய பிழைகள் மிகுவதும் மருத்துவ உலகமே ஒப்புக்கொண்ட உண்மை.

ஆகவேதான் மாதிரி உருவிலும் சடலத்திலும் கை பழகி, தேர்ந்தவர் அருகில் நின்று பார்த்து, உதவி செய்து, பின்னரே அவர் கண்காணிப்பில் கருவியைப் பிடிக்க வேண்டும். மக்ரஜை ஏட்டைப் பார்த்து மட்டும் கற்க இயலுமா? உஸ்தாதின் முன்னால் அமர்ந்தே ஓத வேண்டும். நம் நாட்டில் தேசியத் தேர்வு வாரியத்தின் முதுகெலும்பு அறுவைச் சிறப்புப் பயிற்சி 2 ஆண்டுகள்; அதுவும் முதுநிலைப் படிப்பை முடித்த பிறகு. அண்டையிலுள்ள கோவையில், 1978இல் தொடங்கிய கங்கா மருத்துவமனை முதுகெலும்பு அறுவைப் பயிற்சிக்குப் பெயர்பெற்றது. இரண்டு நாள் பயிலரங்கின் சான்றிதழைச் சுவரில் மாட்டுவது இதற்கு ஈடாகாது என்பதே என் கருத்து.

சேலத்தில் 1986 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நாமக்கல்லிலும் 2022இல் ஒன்று திறக்கப்பட்டது. கட்டடங்கள் எழுந்துவிட்டன. இங்கு பயிலும் இளைஞர்களுள் சிலரேனும் இக்கைத்திறனை முறையாகக் கற்றுத் திரும்பினால், இவ்வூர்த் தொழிலாளர் வலியோடு பேருந்தேறிக் கோவைக்குப் போக வேண்டியதில்லை.

நம் ரிக் தொழிலாளிக்கு ஒன்று சொல்லி அனுப்பினேன். "யாரிடம் பயின்றீர்கள், எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். சிறுநீர் அடைத்தாலோ, பாதம் மடங்கித் தொங்கினாலோ ஒரு நாளும் தாமதிக்காதீர்கள்." அவர் கேட்டாராம். மருத்துவர் சிரித்துக்கொண்டே விடை சொல்லிவிட்டு, "உங்களுக்கு இப்போது அறுவையே தேவையில்லை, பெரும்பாலோர்க்குச் சில வாரங்களில் தானே தணியும்" என்று மாத்திரையும் பயிற்சியும் எழுதித் தந்திருக்கிறார். சென்ற வாரம் பிள்ளையைச் சைக்கிளில் வைத்து அழைத்துவந்தார்.