புற்றுநோயைப் பரவவிடாத புரதங்கள்

சென்ற வருஷம் ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் கணக்குகளைப் பார்வையிடச் சென்றிருந்தேன். நூல் இருப்பையும் பேரேட்டையும் ஒத்துப் பார்க்கையில், அறுபத்தைந்து வயதுள்ள ஓர் அங்கத்தினர் மூன்று மாதமாகச் சேலை ஒப்படைக்கவில்லை என்பது தெரிந்தது. விசாரித்தபோது இடுப்பு வலி என்றார்கள். நாற்பது வருஷம் குழித்தறியில் குனிந்திருந்தவருக்கு இடுப்பு வலிப்பதில் அதிசயமில்லை என்று நானும் எண்ணி, அடுத்த ஏட்டைப் புரட்டினேன். பின்னரே உண்மை தெரிய வந்தது. அவ்வலி தறியினால் வந்ததன்று. சிறுநீர்ப்பைக்குக் கீழேயுள்ள ஒரு சிறு சுரப்பியில் தோன்றிய புற்றுநோய் முதுகெலும்பு வரை பரவியிருந்தது. சிறுநீர் கழிப்பதில் தமக்கிருந்த தொல்லையை அவர் வெட்கத்தினால் ஒருவரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார்.

கல்லூரியில் விலங்கியல் படித்தவனாதலால், இந்நோய் ஒருவரிடம் பிறந்த இடத்திலேயே கிடப்பதும் மற்றொருவரிடம் எலும்புக்குச் செல்வதும் எதனால் என்று படித்தறிய முற்பட்டேன். நம் அங்கத்தினர்களில் ஐம்பதைக் கடந்த ஆடவர் மிகுதியாக இருப்பதால், அறிந்ததை இங்கே எழுதுகிறேன்.

புராஸ்டேட் என்னும் அச்சுரப்பி ஆண்களுக்கு மட்டுமே உண்டு. தோலுடன் கூடிய சிறு பாக்குக்காய் அளவினதாய், சிறுநீர் வெளியேறும் குழாயைச் சுற்றி அமைந்திருக்கிறது. வயது ஏற ஏற அது பருப்பது பெரும்பாலோருக்கு இயல்பு, அப்பருமன் புற்றுநோயன்று. புற்றுநோயே தோன்றினும் எல்லோருக்கும் அது எமனாவதில்லை. வேறு காரணங்களால் இறந்த முதியோரின் உடலைச் சோதித்தபோது, பலரிடம் இந்நோயின் சிறு கட்டிகள் இருக்கக் கண்டிருக்கிறார்கள். உயிரோடிருந்தவரை அக்கட்டிகளால் அவர்களுக்கு ஒரு துன்பமும் நேரவில்லை. ஆகவே கட்டி உண்டா என்பதைவிட, அது இடம் பெயருமா என்பதே பெரிய கேள்வி.

நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவிலும், பெருகு என்று தூண்டும் புரதங்களும் உண்டு, நில் என்று தடுக்கும் புரதங்களும் உண்டு. பின்னவற்றையே கட்டியடக்கும் புரதங்கள் என்கிறார்கள். ஒவ்வொரு புரதத்தையும் செய்யும் குறிப்பு ஒரு மரபணுவில் அடங்கியிருக்கிறது. அம்மரபணு தந்தை வழியில் ஒன்றும் தாய் வழியில் ஒன்றுமாக இரண்டு படிகளாய் நமக்குக் கிடைக்கிறது. சங்கத்தின் ரொக்கப் பெட்டிக்கு இரட்டைப் பூட்டு இருப்பதை அங்கத்தினர்கள் அறிவார்கள். ஒரு பூட்டு கெட்டாலும் மற்றது காக்கும். 1971-ஆம் ஆண்டில் ஆல்ஃபிரெட் நட்சன் என்னும் அமெரிக்க மருத்துவர், குழந்தைகளின் கண்ணில் தோன்றும் ஒருவகைப் புற்றுநோய் கொண்ட 48 பேரின் விவரங்களை ஆராய்ந்து, இரண்டு படிகளும் பழுதான பின்னரே நோய் எழுகிறது என்ற முடிவுக்கு வந்தார். பிறக்கும்போதே ஒரு படி பழுதாயிருக்கும் குடும்பங்களில் நோய் ஏன் இளமையிலேயே வருகிறது என்பதும் இதனால் விளங்கிற்று.

புராஸ்டேட் புற்றுநோயில் முதலாக நினைக்கத்தக்க காவலன், பத்தாவது குரோமோசோமில் உள்ள பி-டென் என்பது. 1997-இல் நியூயார்க்கிலும் ஹூஸ்டனிலும் இருந்த ஆய்வாளர்கள் தனித்தனியே இதைக் கண்டுபிடித்தார்கள். இதன் வேலை எளியது. வளர்ச்சிக்கான செய்தி உயிரணுவை வந்தடைந்ததும், அதன் உட்சுவரிலுள்ள ஒரு கொழுப்புப் பொருளின்மீது பாஸ்பேட் என்னும் முத்திரை இடப்படுகிறது. அம்முத்திரையைக் கண்டு ஏ.கே.டி. என்னும் மற்றொரு புரதம் விழித்தெழுந்து, உயிரணுவை வளரவும் சாகாதிருக்கவும் நகரவும் ஏவுகிறது. பி-டென் அம்முத்திரையை உடனுக்குடன் நீக்கிவிடும். நீக்குவார் இல்லையேல், ஒரு முறைக்கென்று இட்ட உத்தரவு நிரந்தர உத்தரவாகிவிடுகிறது. சுரப்பிக்குள்ளேயே நிற்கும் கட்டிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கில் பி-டென் இழக்கப்பட்டிருக்கிறது. வெளியே பரவிய கட்டிகளிலோ ஐந்தில் இரண்டு பங்கு அளவிலோ அதற்கு மேலோ இழப்பு காணப்படுகிறது. இரட்டைப் பூட்டு உவமை இங்கே முழுவதும் பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எலிகளில் பி-டென்னின் அளவு குறையக் குறையவே நோய் கடுமையாகிறது. முற்றும் இல்லாமற் போகும்வரை அது காத்திருப்பதில்லை.

எனினும் பி-டென் போனதும் எல்லாம் போய்விடுவதில்லை. எலிகளின் புராஸ்டேட்டில் அதை மட்டும் நீக்கிப் பார்த்தபோது கட்டி உண்டாயிற்று. ஆனால் மெதுவாகவே வளர்ந்தது. காரணம் யாதெனில், கட்டுமீறிய உயிரணுக்களை பி-53 என்னும் இரண்டாம் காவலன் முதுமை நிலைக்குத் தள்ளி, மேலும் பிரியாதபடி நிறுத்திவிடுகிறது. இது 2005-இல் வெளியான ஆராய்ச்சி. பி-53-ஐயும் சேர்த்து நீக்கியபோது நோய் விரைந்து பெருகி எலிகளைக் கொன்றது. 2011-இல் வெளியான மற்றோர் ஆராய்ச்சி நம் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது. பி-டென்னுடன் ஸ்மாட்-4 என்னும் புரதத்தையும் இழந்த எலிகளில் நோய் சுரப்பியின் எல்லையைக் கடந்து நிணநீர்க் கணுக்களுக்கும் நுரையீரலுக்கும் சென்றது. பி-டென் மட்டும் போன எலிகளில், வளரும் கட்டிக்கு ஸ்மாட்-4 தடையாக நின்றிருந்தது.

இவையெல்லாம் வளர்ச்சியைத் தடுத்து, அதன் வாயிலாகப் பரவலையும் தடுப்பவை. வளர்ச்சியைத் தொடாமல் பரவலை மட்டும் தடுக்கும் புரதமும் உண்டென்பதுதான் எனக்கு மிகவும் வியப்பளித்த செய்தி. எங்கும் பரவும் இயல்புடைய எலிப் புராஸ்டேட் புற்றணுக்களுக்குள் மனிதரின் பதினோராவது குரோமோசோமை அமெரிக்க ஆய்வாளர்கள் புகுத்தினார்கள். அவ்வணுக்களை எலியின் உடலில் வைத்தபோது கட்டி முன்போலவே வளர்ந்தது. ஆனால் நுரையீரலுக்குப் பரவுவது வெகுவாகக் குறைந்தது. அதற்குக் காரணமான மரபணுவை 1995-இல் பிரித்தெடுத்து, காய்-1 என்று பெயரிட்டார்கள். புற்றுநோய் எதிர்ப்பு என்று பொருள்படும் சீனச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. இதன் புரதம் உயிரணுவின் சுவரை நான்கு முறை ஊடுருவி நிற்கிறது, பாவுக்குள் போய்வரும் ஊடையைப் போல. இரத்தக் குழாயின் உட்சுவரில் டஃபி என்றொரு புரதம் உண்டு. காய்-1 உள்ள புற்றணு இரத்தத்தில் இறங்கியதும் இவ்விரண்டும் பற்றிக்கொள்ள, புற்றணு மேலும் பெருகும் சக்தியை இழக்கிறது என்று 2006-இல் எலிகளிடம் காட்டினார்கள். ஊரெல்லையில் சோதனைச் சாவடி வைத்ததற்கு இது ஒப்பாகும்.

மனிதரிடம் பரவிய கட்டிகளில் காய்-1 புரதம் குறைந்தோ மறைந்தோ காணப்படுகிறது. ஆனால் அதன் மரபணு பெரும்பாலும் சிதைந்திருப்பதில்லை, செயல்படாமல் அடக்கப்பட்டிருக்கிறது. துணைவிதி புத்தகத்தில் இருக்கிறது, அமலில் இல்லை. சிதைந்ததைப் புதிதாக்குவதைவிட, அடங்கியிருப்பதை எழுப்புவது சுலபமாகலாம் என்ற நம்பிக்கைக்கு இதுவே அடிப்படை. அப்படி எழுப்பும் சிகிச்சை இன்னும் ஆஸ்பத்திரி வழக்கத்திற்கு வந்துவிடவில்லை. பி-டென்னை இழந்த கட்டிகளில், அடங்காது ஓடும் ஏ.கே.டி.யைக் கட்டுப்படுத்தும் மருந்துகளை நோயாளிகளிடம் சோதித்து வருகிறார்கள். காவல் புரதத்தைப் பெருக்கும் என்று சொல்லிச் சந்தையில் சூரணமோ டானிக்கோ விற்பவரிடம் அங்கத்தினர்கள் பணத்தைக் கொடுக்க வேண்டாம். மரபணுவின் பழுது வாய்வழிப் பொடியால் நீங்குவதன்று.

இன்று கையில் உள்ளது வேறொரு வழி. பிராக்கா-2 என்னும் கட்டியடக்கும் புரதம், மரபணு இழையில் ஏற்படும் முறிவுகளைச் செப்பனிடும் வேலையைச் செய்கிறது. இதன் ஒரு படி பிறவியிலேயே பழுதாயிருக்கும் ஆடவருக்குப் புராஸ்டேட் புற்றுநோய் வரும் வாய்ப்பு மிகுதி. வந்தால் கடுமையாக வருவதும் உண்டு. அதே பழுது அக்குடும்பத்துப் பெண்களுக்கு மார்பகத்திலும் கருப்பையை அடுத்த சூலகத்திலும் நோயை உண்டாக்கக் கூடும். ஆகவே தாய்க்கோ சகோதரிக்கோ அந்நோய் வந்திருந்தால், அதை ஆண்மகனும் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். பெண்கள் சமாசாரம் என்று விட்டுவிடலாகாது. பிராக்கா பழுதான கட்டிகளுக்கு, மிஞ்சியிருக்கும் செப்பனிடும் வழியையும் அடைத்துப் புற்றணுவையே சாகச் செய்யும் ஓலாபரிப் என்னும் மாத்திரையை 2020-இல் அமெரிக்காவில் புராஸ்டேட் நோய்க்கு அனுமதித்தார்கள்.

பி.எஸ்.ஏ. என்னும் இரத்தப் பரிசோதனை நோயைச் சந்தேகிக்க உதவும். ஆனால் சாதாரணப் பருமனிலும் அதன் அளவு உயருமாதலால், அதை மட்டும் கொண்டு பயப்படவும் வேண்டாம், தைரியப்படவும் வேண்டாம். சிறுநீர்த் தடை, சிறுநீரில் இரத்தம், படுத்தாலும் தணியாத முதுகு வலி, இவற்றில் எது இருந்தாலும் வைத்தியரிடம் காட்ட வேண்டும். முதுகு வலியோடு கால்களும் தளர்ந்தால் ஒருநாள்கூடத் தாமதிக்கலாகாது.

மேலே சொன்ன அங்கத்தினர் ஆண் ஹார்மோனைக் குறைக்கும் ஊசியை மூன்று மாதத்திற்கொரு முறை போட்டுக்கொள்கிறார். 1941-இல் சார்லஸ் ஹக்கின்ஸ் கண்ட உண்மையிலிருந்து பிறந்த சிகிச்சை அது. வலி தணிந்து, வீட்டில் உட்கார்ந்து தார் சுற்றுகிறார். அவருடைய தங்கை மார்பகப் புற்றுநோயால் இறந்தவர் என்பது, வைத்தியர் இரண்டாம் முறை அழுத்திக் கேட்டபோதுதான் வெளிவந்தது. பிராக்காப் பரிசோதனைக்கு இரத்தம் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அவருடைய இரண்டு பிள்ளைகளும் அதே சங்கத்தில் தறி போட்டிருப்பவர்கள். சென்ற வாரம் நான் அங்கே போயிருந்தபோது மூத்தவன் பாவு வாங்க வந்திருந்தான்; முடிவு இன்னும் வரவில்லை என்றான்.