இரண்டு பேராகப் போகிறீர்களா? உஷார்!

பாரிஸுக்குத் தனியாகப் போகிறவர்களை நான் எச்சரிக்கப் போவதில்லை. தனியாளுக்குப் பயம் இருக்கும். பயம் இருக்கிறவன் பையை முன்பக்கம் மாட்டிக்கொள்வான், ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை பாக்கெட்டைத் தொட்டுப் பார்ப்பான். சினேகிதனைக் கூட்டிக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்பியிருக்கிறவர்களுக்குத்தான் இந்த எச்சரிக்கை. அதிலும் 'பாரிஸா, நமக்குத் தண்ணி பட்ட பாடு' என்கிற ரகத்துக்கு! நானும் அந்த ரகம்தான். முதல் இரண்டு பயணங்களில் ஒரு சென்ட் தொலைக்காதவன், மூன்றாவது தடவை மதுரை நண்பனோடு போனபோது பர்ஸையே பறிகொடுத்தேன்.

இடம் மோன்மார்த்ர் குன்று. சுமார் 130 மீட்டர் உயரம், உச்சியில் வெள்ளை வெளேரென்று சாக்ரே-கேர் தேவாலயம். ஆன்வேர் மெட்ரோ நிலையத்திலிருந்து மேலே ஏறி வந்து, நினைவுப் பொருள் கடைகள் நெருக்கியடிக்கும் ஸ்டெயின்கெர்க் தெருவைக் கடந்தால் படிக்கட்டுகள் தொடங்குகின்றன. அங்கேதான் நிற்கிறார்கள், கையில் கலர் நூலோடு. ஒருத்தன் சிரித்துக்கொண்டே வந்து, "இந்தியாவா?" என்று கேட்டு, நண்பன் நீட்டிய விரலில் நூலை மாட்டிவிட்டான். மாட்டினால் மாட்டியதுதான். விரலைத் தூணாக வைத்து அவன் கயிறு முறுக்க ஆரம்பித்துவிட்டால் கையை இழுக்க முடியாது. முறுக்கி முடித்து மணிக்கட்டில் முடிச்சுப் போட்டுவிட்டு 20 யூரோ கேட்டான்.

நான் என்ன செய்தேன்? சிரித்தேன். "திருவிழாவுக்குக் காப்புக் கட்டியாச்சு மாப்ளே!" என்று கத்திக்கொண்டே கைபேசியில் படம் பிடித்தேன். பேரம் படிந்து 5 யூரோவோடு நண்பன் தப்பித்தான். பாதிப் படி ஏறித் தண்ணீர் பாட்டிலை எடுக்க முதுகுப்பையைக் கழற்றினால், ஜிப் முழுசாகத் திறந்து கிடக்கிறது. பர்ஸைக் காணோம்.

கயிறு கட்டியவன் எடுத்தான் என்று நான் சொல்ல மாட்டேன். அவனுடைய இரண்டு கைகளும் நண்பனின் விரலில்தான் இருந்தன. அதற்கு என்னிடம் வீடியோ ஆதாரமே இருக்கிறது!

சூட்சுமம் எங்கே இருக்கிறது என்று அன்று ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தபோதுதான் புரிந்தது. மாட்டிக்கொண்டவன் உஷாராகிவிடுகிறான். வேடிக்கை பார்க்கிறவன்தான் பையை மறந்துவிடுகிறான். இரண்டு பேர் போனால் நாலு கண் என்று கணக்குப் போடுகிறோம். நடப்பது வேறு. 'அவன் பார்த்துக்கொள்வான்' என்று நான் நினைக்க, 'இவன் பார்த்துக்கொள்வான்' என்று அவன் நினைக்க, கடைசியில் ஒரு கண்கூட மிச்சமில்லை.

பாரிஸ் தெருக்களில் நடக்கிற பல வித்தைகள் இந்த இடைவெளியை நம்பித்தான் நடக்கின்றன. நாள் முழுக்க நடந்தாலும் அலுக்காத ஊர், ஒப்புக்கொள்கிறேன். லூவ்ரிலிருந்து செய்ன் நதிக்கரையோடு நோத்ர் தாம் வரை நடப்பதற்கு ஈடாக எந்த டூர் பஸ்ஸும் இல்லை. ஆனால் அதே நதிக்கரையில், உங்கள் காலடியிலிருந்து ஒரு மோதிரத்தைப் பொறுக்கி எடுத்து, "உங்களுடையதா?" என்று ஒருவர் நீட்டுவார். பித்தளை. வாங்கிக்கொண்டால் சன்மானம் கேட்பார். கையெழுத்து வேண்டிப் பெண் பிள்ளைகள் அட்டையோடு வருவார்கள், காது கேளாதோருக்கு என்று சைகை காட்டுவார்கள். நீங்கள் பெயர் எழுதக் குனியும்போது அந்த அட்டை எதை மறைக்கிறது என்று கவனித்தீர்களா? உங்கள் பையை! நோத்ர் தாம் வாசலில் நுழைவுச்சீட்டு என்று யாராவது எதையாவது நீட்டினால் திரும்பிப் பார்க்காதீர்கள். 2019 தீ விபத்துக்குப் பிறகு 2024 டிசம்பரில் மறுபடி திறந்த அந்தத் தேவாலயத்துக்குள் போகக் கட்டணமே கிடையாது.

எல்லாவற்றிலும் எனக்கு அதிகம் கோபம் வருவது மூன்று கிண்ண ஆட்டத்தின் மேல். ஈஃபில் கோபுரத்துக்கு எதிரே பாலத்தில் பார்க்கலாம், மோன்மார்த்ர் சந்துகளிலும் பார்க்கலாம். தரையில் துணி விரித்து, எந்தக் கிண்ணத்துக்கு அடியில் பந்து என்று கேட்பான். 'பொன்தோ' என்று பேர். நம்மூர்த் திருவிழாக்களில் மூன்று சீட்டு குலுக்கினானே, அவனுக்கு ஒன்றுவிட்ட தம்பி. சுற்றி நிற்கிறவர்களில் ஜெயித்துக் குதிக்கிறவரும், தோற்றுத் தலையில் அடித்துக்கொள்கிறவரும் அவன் கோஷ்டி. நண்பர்கள் ஜோடியாக வந்தால் அவனுக்குக் கொண்டாட்டம். ஒருத்தன் சும்மா இருந்தாலும் இன்னொருத்தன் "வலதுதான்டா, நான் நல்லா பார்த்தேன்" என்று ஏற்றிவிடுவான். பணம் கட்டியவனுக்குக் கிண்ணத்தில் நஷ்டம், கூட நின்றவனுக்குப் பாக்கெட்டில் நஷ்டம். இந்த ஆட்டம் பிரான்ஸில் சட்டவிரோதம். காவலர் தலை தெரிந்தால் துணியோடு கூட்டமும் மறைந்துவிடும்.

இது ஏதோ ஏமாந்தவனின் புலம்பல் என்று நினைத்தால், 2013 ஏப்ரலில் நடந்ததைச் சொல்கிறேன். கூட்டம் கூட்டமாக வந்து மிரட்டுகிற பிக்பாக்கெட்காரர்களைச் சமாளிக்க முடியவில்லை என்று லூவ்ர் அருங்காட்சியக ஊழியர்களே வேலையை நிறுத்தினார்கள். மோனா லிசா அன்று முழுக்கத் தனியாக இருந்தாள். காவலுக்கு இருக்கிறவர்களுக்கே அந்தப் பாடு!

நண்பர்கள் செய்கிற இன்னொரு அசட்டுத்தனம், "உன் பாஸ்போர்ட்டையும் என் பையிலேயே போடுடா" என்பது. பாசம்தான். ஆனால் ஒரு பை போனால் இரண்டு பேரும் நடுத்தெருவில். பாஸ்போர்ட் தொலைந்தால் முதலில் காவல் நிலையத்தில் புகார் கொடுத்துத் தாள் வாங்கவேண்டும், அப்புறம் இந்தியத் தூதரகம். உல்லாசப் பயணத்தில் இரண்டு நாள் அதற்கே போகும். அவன் பாஸ்போர்ட்டின் நகல் என்னிடம், என்னுடையது அவனிடம். வங்கியின் அவசர எண்களையும் அப்படியே மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். என் கைபேசி திருடு போனால், அதற்குள் இருக்கும் எண்ணை நான் எங்கே போய்த் தேடுவது?

வங்கி அட்டை விஷயத்தில் ஒன்று மிக முக்கியம். என் பர்ஸ் போனதும் நண்பன், "ஓ.டி.பி. இல்லாம எடுக்க முடியாதுடா" என்று ஆறுதல் சொன்னான். தப்பு, தப்பு! வெளிநாட்டு இணையதளங்கள் பலவற்றில் ஓ.டி.பி. கேட்காமலே பணம் போய்விடும். கடைகளில் 50 யூரோ வரை அட்டையைத் தட்டினாலே போதும், பின் நம்பர் வேண்டாம். வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டை நிறுத்தும் வசதி இருக்கிறது. படிக்கட்டில் உட்கார்ந்து கை நடுங்க நான் முதலில் அழுத்தியது அதைத்தான்.

மெட்ரோவிலும் ஜோடிக்கு ஒரு வினை காத்திருக்கிறது. நவிகோ ஈஸி அட்டை ஒன்றை வாங்கி, பத்து டிக்கெட் ஏற்றி, இரண்டு பேரும் மாறி மாறித் தட்டலாம் என்று நினைக்காதீர்கள். ஒரே பயணத்தில் ஓர் அட்டைக்கு ஓர் ஆள்தான். ஒருத்தன் தட்ட, மற்றவன் ஒட்டிக்கொண்டு நுழைந்தால், பரிசோதகர் அங்கேயே அபராதம் போடுவார். 'தெரியாது சார்' என்றால் அங்கே எடுபடாது. அட்டையின் விலை வெறும் 2 யூரோ. ஆளுக்கொன்று வாங்கிவிடுங்கள். வண்டிக்குள் கதவோரம் நின்று கைபேசி பார்ப்பதும் வேண்டாம். கதவு மூடும் கணத்தில் பிடுங்கிக்கொண்டு அவன் நடைமேடையில் இருப்பான், நீங்கள் அடுத்த நிலையத்துக்குப் போய்க்கொண்டிருப்பீர்கள்.

பர்ஸைத் தொலைத்த அன்று எங்களுக்கு மெட்ரோ ஏறவும் மனசில்லை. குன்றிலிருந்து இறங்கி, மேம்பால ரயிலுக்கு அடியிலேயே கிழக்கே நடந்தோம். பார்பெஸ் நிலையத்தடியில் கள்ள சிகரெட் விற்பவர்களைத் தாண்டி, லா சப்பல். அங்குள்ள ஈழத்தமிழர் வாயில் அது 'லாச்சப்பல்'. தமிழ்ப் பெயர்ப்பலகை, நகைக்கடை, மரக்கறிக் கடை, கொத்துரொட்டி தட்டுகிற சத்தம். அப்பாடா என்றிருந்தது. வாசலில் நின்று வங்கிக்குப் பேசிக்கொண்டிருந்த என்னை உணவகத்துக்காரர் அதட்டினார்: "தம்பி, போனைக் கையில பிடிச்சுக்கொண்டு ரோட்டில நிக்காதேங்கோ. கதைக்கிறதெண்டால் உள்ள வந்து கதையுங்கோ."

உள்ளே போய் உட்கார்ந்து, இடியப்பம் சொல்லிவிட்டு, நடந்ததையெல்லாம் சொன்னோம். கயிறு, காப்பு, வீடியோ எல்லாம். அவர் சிரிக்கவில்லை.

"ரெண்டு பேரும் ஒரே பக்கத்தைத்தானே பாத்துக்கொண்டு நிண்டனீங்கள்?" என்றார்.

ஆமாம் என்று இருவரும் தலையாட்டினோம். அவர் கண்ணாலேயே எங்களுக்குப் பின்னால் காட்டினார். நண்பனின் பை, வாசல் பக்கம் திரும்பிய நாற்காலியின் முதுகில், வாய் திறந்தபடி தொங்கிக்கொண்டிருந்தது.