லூயிஸ் ஊரார் விட்டுக்கொடுக்காத பீர்

இங்கிலாந்தின் தெற்கே, சசெக்ஸ் பகுதியில் இருக்கும் சின்ன ஊர் லூயிஸ். 2006 டிசம்பரில் அங்கே ஒரு போராட்டம் கிளம்பியது. ‘லூயிஸ் ஆர்ம்ஸ்’ என்ற பழைய பப்பை நடத்திவந்த கிரீன் கிங் நிறுவனம், உள்ளூர் ஹார்வீஸ் ஆலையின் பீரை அங்கே விற்பதை நிறுத்தியது. வழக்கமாக வருகிறவர்கள் கொதித்துப்போனார்கள். கையெழுத்து திரட்டினார்கள். குளிரைப் பார்க்காமல் வாசலில் நின்று, வருகிறவர்களை உள்ளே போக வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். கடையில் கூட்டம் வற்றியது. 2007 ஏப்ரலில் நிறுவனம் இறங்கிவந்தது. ஹார்வீஸ் மறுபடி அங்கே ஊற்றப்பட்டது.

அவர்கள் மல்லுக்கு நின்றது போதைக்காக அல்ல. ஹார்வீஸின் புகழ்பெற்ற ‘சசெக்ஸ் பெஸ்ட்’ பீரில் ஆல்கஹால் வெறும் 4 சதவீதம்.

1790இல் தொடங்கிய அந்த ஆலை ஊஸ் ஆற்றங்கரையில் இருக்கிறது. அதன் விக்டோரியா காலத்துக் கோபுரத்தை ஊரார் பிரியமாக ‘லூயிஸ் கதீட்ரல்’ என்பார்கள். தண்ணீர் ஊரின் நிலத்தடியிலிருந்தே வருகிறது. கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூக்கள் சசெக்ஸ், கென்ட், சர்ரே தோட்டங்களில் விளைகின்றன. ஈஸ்ட் வெளியூர்: 1957இல் யார்க்‌ஷையரின் ஜான் ஸ்மித்ஸ் ஆலையிலிருந்து வந்தது. நம் வீடுகளில் உறைமோர் காப்பதுபோல, ஒவ்வொரு காய்ச்சலிலும் ஒரு பகுதியை எடுத்து அடுத்ததற்கு வைத்து, இன்றுவரை அதே வம்சத்தைக் காத்து வருகிறார்கள்.

இத்தகைய பாரம்பரிய பீருக்கு ‘காஸ்க் ஏல்’ என்று பெயர். முளைகட்டி உலர்த்திய பார்லியை வெந்நீரில் ஊறவைத்து இனிப்புச் சாற்றை இறக்குகிறார்கள். ஹாப்ஸ் சேர்த்துக் கொதிக்கவைத்து, ஆறியதும் ஈஸ்ட் இடுகிறார்கள். சில நாள் நொதித்தபின் பீப்பாய்க்குப் போகிறது. சாதாரண பீரை இந்தக் கட்டத்தில் வடிகட்டி, பெரும்பாலும் சூடாக்கி, ஈஸ்டை அகற்றிவிடுவார்கள். காஸ்க் ஏலில் ஈஸ்ட் உயிரோடு இருக்கிறது. பப்பின் நிலவறையில் பீப்பாய்க்குள்ளேயே மீண்டும் நொதிக்கிறது. அதில் பிறக்கும் மெல்லிய வாயுவே அதன் நுரை; வெளியிலிருந்து வாயு ஏற்றுவதில்லை.

ஆக, பீர் பக்குவமாவதில் ஆலைக்கு இருக்கும் அளவு பங்கு பப் நடத்துபவருக்கும் உண்டு. பீப்பாயைப் படுக்கவைத்து, அடைப்பை மெல்லத் தளர்த்தி, கசடு அடியில் படியும்வரை பொறுக்க வேண்டும். கசடைப் படியவைக்க நெடுங்காலமாக உதவுவது மீனின் காற்றுப்பை. நம் கடலோர மீனவர்கள் ‘நெட்டி’ என்பார்களே, அதேதான். சைவம் பேணுகிறவர்களை எண்ணி இப்போது பல ஆலைகள் அதைக் கைவிட்டுவிட்டன. ‘ஃபர்கின்’ என்ற வழக்கமான பீப்பாய் 9 காலன், அதாவது 72 பைன்ட் கொள்ளும். திறந்ததும் காற்று புகுந்துவிடுவதால் மூன்று நாளுக்குள் தீர்த்தாக வேண்டும், தாமதித்தால் புளித்துவிடும்.

இங்கிலாந்தின் அடையாளம் என்று கொண்டாடப்படும் ஹாப்ஸ்கூட வந்தேறிதான். ஆதியில் ஆங்கிலேயர் குடித்த ஏலில் ஹாப்ஸ் கிடையாது. வீட்டுப் பெண்கள் காய்ச்சி, மிஞ்சியதை விற்றார்கள். ஹாப்ஸ் சேர்த்த பீர் 15ஆம் நூற்றாண்டுவாக்கில் நெதர்லாந்துப் பகுதியிலிருந்து வந்து பரவியது. ஹாப்ஸ் பீரை நெடுநாள் கெடாமல் காத்ததால் தூரக் கடல் வணிகமும் சாத்தியமாயிற்று. லண்டனின் ஹாட்ஜ்சன் ஆலை, கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் வழியே இந்தியாவிலிருந்த ஆங்கிலேயருக்கு பீர் அனுப்பியது. 1820களில் பர்ட்டன் ஊர் ஆலைகள் அந்தச் சந்தையைப் பிடித்தன. அவ்வூர் நீரில் ஜிப்சம் அதிகம். அது ஹாப்ஸின் கசப்பைத் துல்லியமாக எடுத்துக்காட்டும். ‘இந்தியா பேல் ஏல்’ என்ற பெயர் அந்த வணிகத்தின் மிச்சம். பர்ட்டனின் பாஸ் ஆலையுடைய சிவப்பு முக்கோணம்தான் 1876இல் பிரிட்டனில் பதிவான முதல் வணிகச் சின்னம். ஓவியர் மனே 1882இல் வரைந்த பாரிஸ் மதுக்கூடக் காட்சியிலும் அந்தச் சின்னம் தாங்கிய பீர் புட்டியைக் காணலாம்.

இவ்வளவு பெருமை இருந்தும் 1960களில் காஸ்க் ஏல் அழியும் நிலைக்கு வந்தது. பெரிய நிறுவனங்கள் வாயு ஏற்றிய ‘கெக்’ பீரைப் பப்களில் நிரப்பின. பராமரிப்பு வேண்டாம், சீக்கிரம் கெடாது, எங்கும் ஒரே ருசி. 1971இல் அயர்லாந்துக்கு விடுமுறையில் போன நான்கு இளைஞர்கள் இதை எதிர்த்து ‘காம்ரா’ என்ற இயக்கத்தைத் தொடங்கினார்கள். அது ஒரு லட்சத்துக்கும் அதிகமான உறுப்பினர்களைக் கொண்ட நுகர்வோர் அமைப்பாக வளர்ந்தது. லூயிஸ் மக்களின் போராட்டமும் இந்த உணர்விலிருந்து பிறந்ததே.

சரி, ருசி எப்படி? சசெக்ஸ் பெஸ்ட் செம்பு நிறத்தில் இருக்கும். தென்னிங்கிலாந்து வழக்கப்படி நுரை மெல்லியதாகவே நிற்கும். வடக்கே யார்க்‌ஷையரில் தடித்த நுரையைத்தான் விரும்புவார்கள். முதல் மிடறில் பிஸ்கட் போன்ற தானிய மணமும் லேசான இனிப்பும். பிறகு மண்வாசம் கலந்த கசப்பு மெதுவாக ஏறி நாவின் அடியில் தங்கும். ‘ஆங்கிலேயர் வெதுவெதுப்பான பீர் குடிப்பவர்கள்’ என்ற பேச்சு தவறு. 11 முதல் 13 டிகிரி வரையிலான நிலவறைக் குளிர்ச்சியே அதற்கு ஏற்றது. அதற்கும் கீழே குளிர்வித்தால் மணம் ஒடுங்கிவிடும்.

இங்கிலாந்து செல்பவர்களில் குடிப்பழக்கம் உள்ளவர்கள் இதை ஒருமுறை சுவைத்துப் பார்க்கலாம். கவுன்ட்டரில் மரப்பிடி போட்ட கைப்பம்பு இருக்கிறதா என்று பாருங்கள். ‘பிட்டர்’ என்று கேட்டு அரை பைன்ட் வாங்கினால் போதும். புளிப்பு அடித்தால் தயங்காமல் சொல்லுங்கள். நல்ல பப்பில் மறுபேச்சு இல்லாமல் வேறு கோப்பை ஊற்றித் தருவார்கள்.