பிசிஓஎஸ்: சினைப்பையோடு நின்றுவிடாத ஹார்மோன் கோளாறு

குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களிடம் மிகப் பரவலாகக் காணப்படும் ஹார்மோன் கோளாறு பிசிஓஎஸ். மாதவிடாய் தள்ளிப்போவது, முகவாயிலும் மேலுதட்டிலும் தடித்த முடி வளர்வது, தீராத முகப்பரு, உச்சந்தலையில் முடி மெலிவது, வயிற்றைச் சுற்றி எடை கூடுவது, கருத்தரிப்பதில் தாமதம் ஆகியவை இதன் முக்கிய அறிகுறிகள். எல்லா அறிகுறிகளும் எல்லாரிடமும் இருப்பதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2023 மதிப்பீட்டின்படி குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களில் 8 முதல் 13 சதவீதம் பேருக்கு இக்கோளாறு உண்டு. அவர்களில் 70 சதவீதம் வரையானோருக்குத் தங்களுக்கு இது இருப்பதே தெரியாது.

தமிழ்நாட்டில் இதைப் பெரும்பாலும் ‘கர்ப்பப்பையில் நீர்க்கட்டி’ என்று சொல்வார்கள். ஆனால் பாதிப்பு தெரியும் இடம் கருப்பை அல்ல, சினைப்பை. ஸ்கேனில் அங்கே தெரிபவையும் கட்டிகள் அல்ல. வளர்ச்சி பாதியில் நின்றுபோன, முட்டையைத் தாங்கிய நுண்ணறைகள். அவை நோயின் விளைவே தவிர காரணம் அல்ல. மூளை, கணையம், கல்லீரல், கொழுப்புத் திசு, சினைப்பை ஆகிய எல்லாம் பங்கேற்கும் கோளாறு இது என்பதைக் கடந்த சில பத்தாண்டுகளின் ஆய்வுகள் தெளிவாக்கியிருக்கின்றன. இந்தப் புரிதல் சிகிச்சையின் திசையையும் மாற்றி வருகிறது.

பார்வை மாறிய விதம்

1721-ல் இத்தாலிய மருத்துவர் அந்தோனியோ வல்லிஸ்னேரி, சற்றே பருமனான, குழந்தையில்லாத ஒரு கிராமத்துப் பெண்ணின் சினைப்பைகள் வழக்கத்தைவிடப் பெரிதாகவும் வெண்மையாகவும் மேடுபள்ளமாகவும் இருந்ததைப் பதிவு செய்தார். 1921-ல் பிரான்சில் அஷார், தியேர் என்ற இரு மருத்துவர்கள், முகத்தில் தாடிபோல முடி வளர்ந்த பெண்களிடம் நீரிழிவு இருப்பதைக் கவனித்து எழுதினார்கள். இவ்விரண்டும் ஒரே கோளாறின் இரு முகங்களாக இருக்கலாம் என்று அன்று யாரும் நினைக்கவில்லை.

1935-ல் சிகாகோவைச் சேர்ந்த இர்விங் ஸ்டைன், மைக்கேல் லெவென்தால் இருவரும், மாதவிடாய் நின்றுபோய் சினைப்பை பெருத்திருந்த ஏழு பெண்களைப் பற்றி எழுதினார்கள். சினைப்பையின் ஒரு பகுதியை ஆப்பு வடிவில் வெட்டி எடுத்ததும் ஏழு பேருக்கும் மாதவிடாய் திரும்பியது; இருவர் கருவுற்றார்கள். அதன்பின் நீண்ட காலம் இது சினைப்பையின் நோய் என்றும், அறுவை சிகிச்சையே வழி என்றும் கருதப்பட்டது. 1980-ல் அமெரிக்க ஆய்வாளர்கள், இப்பெண்களின் இரத்தத்தில் ஆண்ட்ரோஜன் என்ற ஹார்மோன் மிகுந்திருப்பதோடு இன்சுலினும் மிகுந்திருப்பதைக் காட்டினார்கள். பிரெஞ்சு மருத்துவர்கள் அறுபது ஆண்டுகளுக்கு முன் கண்டதற்கு அப்போதுதான் பொருள் கிடைத்தது.

உடலுக்குள் நடப்பது

மூளையின் ஹைப்போதாலமஸ் பகுதி ஜிஎன்ஆர்எச் என்ற ஹார்மோனை விட்டுவிட்டுத் துடிப்புகளாகச் சுரக்கிறது. அதன் வேகத்தைப் பொறுத்து பிட்யூட்டரி சுரப்பி எல்எச், எஃப்எஸ்எச் என்ற இரு ஹார்மோன்களை வெளியிடுகிறது. சினைப்பை நுண்ணறையின் வெளிச்சுற்றில் உள்ள செல்கள் எல்எச் தூண்டுதலால் ஆண்ட்ரோஜனைத் தயாரிக்கின்றன. உட்சுற்றுச் செல்கள் எஃப்எஸ்எச் துணையோடு அதை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகின்றன. ஆண்ட்ரோஜன் ஆணின் ஹார்மோன் என்று பேசப்பட்டாலும் ஒவ்வொரு பெண்ணின் உடலிலும் அது சிறிதளவு தேவைப்படுகிறது. ஒவ்வொரு சுழற்சியிலும் சில நுண்ணறைகள் வளரத் தொடங்கி, அவற்றில் ஒன்று முந்திப் பெரிதாகி, முட்டையை வெளியிடுகிறது.

பிசிஓஎஸ் உள்ளவர்களிடம் ஜிஎன்ஆர்எச் துடிப்பு வேகமாகிறது. எல்எச் கூடுகிறது, எஃப்எஸ்எச் அதற்கு ஈடாகக் கூடுவதில்லை. ஆண்ட்ரோஜன் தேவைக்கு மேல் உற்பத்தியாகிறது, முழுதாக ஈஸ்ட்ரோஜனாக மாறுவதும் இல்லை. நுண்ணறைகள் பல வளரத் தொடங்கினாலும் சில மில்லிமீட்டர் அளவிலேயே நின்றுவிடுகின்றன. முட்டை வெளியேறாததால் அதன்பின் சுரக்க வேண்டிய புரோஜெஸ்ட்ரோனும் சுரப்பதில்லை. மூளையின் துடிப்பை மட்டுப்படுத்த வேண்டிய ஹார்மோன் அதுதான். அது இல்லாதபோது துடிப்பின் வேகம் அப்படியே தொடர்கிறது.

இதே சுழலில் இன்சுலினும் சேர்கிறது. இப்பெண்களில் பெரும்பாலோரின் தசையும் கொழுப்புத் திசுவும் இன்சுலினுக்குச் சரிவர இணங்குவதில்லை. ஈடுகட்டக் கணையம் கூடுதலாகச் சுரக்கிறது. ஆனால் சினைப்பை அந்த மிகை இன்சுலினுக்கு முழுமையாக இணங்கி, மேலும் ஆண்ட்ரோஜனைத் தயாரிக்கிறது. ஆண்ட்ரோஜன் வகையைச் சேர்ந்த டெஸ்டோஸ்டீரோனை இரத்தத்தில் பிடித்து வைத்திருக்கும் எஸ்எச்பிஜி என்ற புரதத்தைக் கல்லீரல் உருவாக்குவதும் மிகை இன்சுலினால் குறைகிறது. எனவே கட்டற்ற டெஸ்டோஸ்டீரோன் கூடுகிறது. ஆண்ட்ரோஜன் மிகுதி வயிற்றுப் பகுதியில் கொழுப்பைச் சேர்க்க, அந்தக் கொழுப்பு இன்சுலின் எதிர்ப்பை மேலும் கூட்டுகிறது. எடை கூடினால் கோளாறு தீவிரமாகும் என்பது உண்மை. ஆனால் ஒல்லியான பெண்களுக்கும் இது வருகிறது. சாப்பாட்டுக் கட்டுப்பாடு இல்லாததால் தானே வரவழைத்துக்கொண்ட நோய் என்று ஒரு பெண்ணைக் குறை சொல்வதற்கு அறிவியலில் இடமில்லை.

எப்படிக் கண்டறிவது?

1990-ல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் கூட்டத்தில் ஒரு வரையறை வகுக்கப்பட்டது. ஆண்ட்ரோஜன் மிகுதி, முட்டை வெளியேற்றக் குறைவு ஆகிய இரண்டும் இருக்க வேண்டும் என்றது அது. 2003-ல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் கூடிய வல்லுநர்கள், சினைப்பையின் ஸ்கேன் தோற்றத்தையும் சேர்த்து, மூன்றில் எந்த இரண்டு இருந்தாலும் போதும் என்றார்கள். 2006-ல் வந்த இன்னொரு வரையறை ஆண்ட்ரோஜன் மிகுதியைக் கட்டாயமாக்கியது.

வரையறை மாறினால் எண்ணிக்கையும் மாறும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவோடு நாட்டின் பல பகுதிகளில் 18 முதல் 40 வயதுக்குட்பட்ட 9,824 பெண்களிடம் நடந்த ஆய்வின் முடிவுகள் 2024-ல் வெளிவந்தன. 1990 வரையறைப்படி 7.2 சதவீதம் பேருக்கும், 2006 வரையறைப்படி 13.6 சதவீதம் பேருக்கும், ராட்டர்டாம் வரையறைப்படி 19.6 சதவீதம் பேருக்கும் பிசிஓஎஸ் இருந்தது. ‘இத்தனை பேரில் ஒருவருக்கு’ என்ற செய்தியைப் படிக்கும்போது எந்த வரையறையின் கணக்கு என்று பார்ப்பது அவசியம்.

ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகம் முன்னின்று 2023-ல் வெளியிட்ட சர்வதேச வழிகாட்டி நெறிமுறை, ராட்டர்டாம் வரையறையைத் தழுவிச் சில திருத்தங்களைச் செய்தது. வயது வந்த பெண்களுக்கு ஸ்கேனுக்குப் பதிலாக ஏஎம்எச் என்ற இரத்தப் பரிசோதனையைப் பயன்படுத்தலாம் என்பது அதில் முக்கியமானது. சிறு நுண்ணறைகளே ஏஎம்எச் ஹார்மோனைச் சுரப்பதால், அவை மிகுந்திருப்பதை அது காட்டிவிடும். மாதவிடாய் ஒழுங்கின்மையும் ஆண்ட்ரோஜன் மிகுதியும் தெளிவாக இருந்தால் ஸ்கேனும் தேவையில்லை, ஏஎம்எச்சும் தேவையில்லை.

பதின்பருவப் பெண்களுக்கு நெறிமுறை வேறு. பூப்பெய்திய பிறகு முதல் ஆண்டில் மாதவிடாய் முறையின்றி வருவது இயல்பு. முதல் மூன்று ஆண்டுகள் வரை 45 நாள் இடைவெளியும் இயல்பின் எல்லைக்குள் அடங்கும். அந்த வயதில் பல நுண்ணறைகள் தெரிவதும் சாதாரணம். ஆகவே பூப்பெய்தி எட்டு ஆண்டுகள் ஆகும்வரை ஸ்கேனையோ ஏஎம்எச்சையோ வைத்து பிசிஓஎஸ் என்று முடிவு கட்டக் கூடாது. பதினைந்து வயதுப் பெண்ணின் ஸ்கேனில் ‘நீர்க்கட்டி’ என்ற சொல்லைப் பார்த்துக் கலங்கும் பெற்றோர் இதை அறிந்திருக்க வேண்டும். வயது வந்தவர்களுக்கோ சுழற்சி 35 நாட்களுக்கு மேல் நீள்வதும், ஆண்டுக்கு எட்டுக்கும் குறைவாக மாதவிடாய் வருவதும் பரிசோதிக்க வேண்டிய அறிகுறிகள். தைராய்டு கோளாறு, புரோலாக்டின் மிகுதி, அட்ரீனல் சுரப்பிக் கோளாறு ஆகியவையும் இதே அறிகுறிகளைக் காட்டக்கூடும் என்பதால் அவை இல்லை என்று முதலில் உறுதி செய்யப்படுகிறது.

மரபிலும் கருவிலும் வேர்

தாய், மகள், அக்கா, தங்கை என்று குடும்பத்தில் பலருக்கு பிசிஓஎஸ் இருப்பது வழக்கம். 2011-ல் சீனப் பெண்களிடம் நடந்த மரபணு ஆய்வு, இக்கோளாறோடு தொடர்புள்ள முதல் சில இடங்களை அடையாளம் காட்டியது. 2018-ல் ஐரோப்பிய வம்சாவளியைச் சேர்ந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பிசிஓஎஸ் பெண்களின் தரவுகளைத் தொகுத்த ஆய்வு, அத்தகைய 14 இடங்களைப் பட்டியலிட்டது. உடல் பருமன், இன்சுலின் அளவு, சர்க்கரை நோய், மனச்சோர்வு, ஆண்களின் வழுக்கை ஆகியவற்றோடும் இக்கோளாறு மரபணு உறவு கொண்டிருப்பதை அதே ஆய்வு காட்டியது. சினைப்பையே இல்லாத ஆண்களிடமும் இந்த மரபுக்கூறுகள் வேலை செய்கின்றன என்பது, கோளாறின் வேர் சினைப்பைக்கு வெளியேயும் பரவியிருப்பதற்கான சான்று.

மரபணுவோடு கருவறைச் சூழலும் பங்கு வகிக்கலாம். பிரான்சின் லீல் நகர ஆய்வாளர்கள் 2018-ல், சினையுற்ற எலிகளுக்கு ஏஎம்எச் செலுத்தினார்கள். பிறந்த பெண் குட்டிகள் வளர்ந்தபோது அவற்றிடம் பிசிஓஎஸ் போன்ற அறிகுறிகள் தோன்றின. ஜிஎன்ஆர்எச்சைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்ததும் அவை சீரடைந்தன. 2019-ல் சுவீடன் நாட்டுப் பதிவேடுகளை ஆராய்ந்தபோது, பிசிஓஎஸ் உள்ள தாய்மாரின் மகள்களிடம் அது கண்டறியப்படும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஐந்து மடங்கு கூடுதல் என்று தெரிந்தது. எலியில் கண்டது அப்படியே மனிதருக்குப் பொருந்திவிடாது. என்றாலும், கோளாறு எங்கே தொடங்குகிறது என்ற தேடலை இந்த ஆய்வுகள் மூளைக்கும் கருப்பருவத்துக்கும் கொண்டு சென்றுவிட்டன.

சிகிச்சையில் புதியவை

பிசிஓஎஸ்ஸை அடியோடு தீர்க்கும் மருந்து இன்னும் இல்லை. அறிகுறிகளையும் பின்விளைவுகளையும் நன்றாகக் கட்டுப்படுத்த முடியும். சரியான உணவும் தொடர்ச்சியான உடற்பயிற்சியும் முதற்படி. எடை குறையாவிட்டாலும் பயிற்சியால் பயன் உண்டு. எந்த ஒரு உணவுமுறையும் மற்றவற்றைவிடச் சிறந்தது என்பதற்கு ஆதாரம் இல்லை. ஒருவர் விடாமல் பின்பற்றக்கூடியதே அவருக்கு ஏற்றது. உடனே கருத்தரிக்க விரும்பாதவர்களுக்குக் கருத்தடை மாத்திரைகள் மாதவிடாயைச் சீராக்குவதோடு ஆண்ட்ரோஜனின் தாக்கத்தையும் குறைக்கின்றன. இன்சுலின் எதிர்ப்பைக் குறைக்க மெட்ஃபார்மின் தரப்படுகிறது. கடைகளில் பரவலாக விற்கும் இனோசிட்டாலின் பயனுக்கான சான்றுகள் இன்னும் வலுவாக இல்லை.

கருத்தரிப்பு சிகிச்சையில் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது லெட்ரோசோல். மார்பகப் புற்றுநோய்க்காக உருவான மருந்து இது. 2014-ல் 750 பெண்களிடம் நடந்த அமெரிக்க ஆய்வில், லெட்ரோசோல் எடுத்தவர்களில் 27.5 சதவீதம் பேருக்குக் குழந்தை பிறந்தது. அதுவரை வழக்கத்திலிருந்த குளோமிஃபின் எடுத்தவர்களில் 19.1 சதவீதம் பேருக்கே பிறந்தது. குழந்தைப்பேறு சிகிச்சைக்கு இந்தியாவில் 2011-ல் தடைசெய்யப்பட்டிருந்த லெட்ரோசோல், 2017-ல் மீண்டும் அனுமதி பெற்றது. இன்று முட்டை வெளியேற்றத்தைத் தூண்ட முதலில் தரப்படும் மருந்து இதுவே.

சோதனைக்குழாய் முறையை நாடுவோருக்கு உள்ள ஆபத்து, ஊசி மருந்துகளால் சினைப்பை அளவுமீறித் தூண்டப்படுவது. 2016-ல் வெளிவந்த, 1,508 சீனப் பெண்களிடம் நடந்த ஆய்வில், கருக்களை உடனே கருப்பையில் வைக்காமல் உறையவைத்துப் பின்னர் வைத்தபோது குழந்தைப் பிறப்பு 42 சதவீதத்திலிருந்து 49.3 சதவீதமாக உயர்ந்தது. மிகைத் தூண்டல் 7.1 சதவீதத்திலிருந்து 1.3 சதவீதமாகக் குறைந்தது.

2024-ல் ஷாங்காயின் ஃபுடான் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எதிர்பாராத ஒரு மருந்தை முன்வைத்தார்கள். மலேரியாவுக்குத் தரப்படும் ஆர்ட்டெமிசினின் வகை மருந்து, ஆண்ட்ரோஜன் உற்பத்தியின் முதற்படியை நடத்தும் நொதியைச் சிதைக்கிறது என்று அவர்கள் கண்டார்கள். 19 பெண்களுக்கு 12 வாரங்கள் கொடுத்தபோது டெஸ்டோஸ்டீரோனும் ஏஎம்எச்சும் குறைந்தன. 12 பேருக்கு மாதவிடாய் சீரானது. இது மிகச் சிறிய ஆய்வு. ஒப்பிட வேறொரு குழுவும் இல்லை. நீண்டகாலப் பாதுகாப்பும் இனித்தான் சோதிக்கப்பட வேண்டும். எனவே இதை யாரும் தாமாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. சர்க்கரை நோய்க்கும் எடைக் குறைப்புக்கும் தரப்படும் செமக்ளுடைட் போன்ற ஊசிகளும் பிசிஓஎஸ்ஸுக்காக ஆராயப்படுகின்றன. கர்ப்பத்தில் அவற்றின் பாதுகாப்பு உறுதியாகாததால், அவற்றைப் பயன்படுத்தும் காலத்தில் கருத்தடை முறையும் வேண்டும்.

வாழ்நாள் முழுதும் கவனம்

திருமணப் பேச்சு எழும்போதும் குழந்தை தாமதமாகும்போதும் மட்டுமே இக்கோளாறு கவனம் பெறுகிறது. குழந்தை பிறந்துவிட்டால் சிகிச்சை நின்றுவிடுகிறது. ஆனால் இன்சுலின் எதிர்ப்பு நின்றுவிடுவதில்லை. கர்ப்பகாலச் சர்க்கரை, கர்ப்பகால இரத்த அழுத்தம், இரண்டாம் வகை நீரிழிவு, தூக்கத்தில் மூச்சுத்தடை, இதய நோய் ஆகியவற்றின் வாய்ப்பு இப்பெண்களுக்குக் கூடுதல். தெற்காசியப் பெண்களுக்கு குறைந்த எடையிலேயே இன்சுலின் எதிர்ப்பு தோன்றுவதால், மெலிந்திருப்பவர்களும் பரிசோதனையைத் தவிர்க்கக் கூடாது. ஒன்று முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை, 75 கிராம் குளுக்கோஸ் குடித்துச் செய்யும் சர்க்கரைப் பரிசோதனையை 2023 நெறிமுறை பரிந்துரைக்கிறது. ஆண்டுதோறும் இரத்த அழுத்தமும் அளக்கப்பட வேண்டும்.

மாதவிடாய் மூன்று மாதங்களுக்கு மேல் வராமலே இருந்தால் கருப்பையின் உட்சுவர் தடித்துக்கொண்டே போகும். இது நீண்ட காலம் தொடர்ந்தால் அங்கே புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுகிறது. மொத்த எண்ணிக்கையில் அது குறைவுதான். புரோஜெஸ்ட்ரோன் வகை மருந்துகளால் தடுக்கக்கூடியதும்கூட. மனநலமும் இதே அளவு முக்கியம். மனச்சோர்வும் பதற்றமும் உணவுப் பழக்கக் கோளாறுகளும் இப்பெண்களிடம் அதிகம். நோயறியும் வேளையிலேயே மருத்துவர் அவற்றைக் கேட்டறிய வேண்டும் என்று நெறிமுறை சொல்கிறது. முகத்து முடியையும் எடையையும் பற்றி வீட்டாரும் உறவினரும் பேசும் பேச்சு இந்தச் சுமையைக் கூட்டவே செய்யும்.

மாதவிடாய் நின்ற பிறகும் சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றின் கண்காணிப்பு தொடர வேண்டும். பூப்பெய்திய காலத்தில் தோன்றும் பிசிஓஎஸ் முதுமை வரை உடன் வரும் கோளாறு. முறையான பரிசோதனையும் மருந்தும் வாழ்க்கைமுறையும் ஒன்றுசேரும்போது, பெரும்பாலான பெண்கள் விரும்பினால் குழந்தை பெற்று, நீரிழிவையும் தள்ளிவைத்து, நலமாக வாழ முடியும்.