பணவீக்கம் குறைந்தால் விலை குறையுமா?

"பணவீக்கம் குறைந்துவிட்டதாம், பிறகேன் சாமான் விலை இறங்கவில்லை?" உம்மாமாரின் இந்தக் கேள்வி நியாயமானதுதான். பணவீக்கம் என்பது விலையல்ல, விலை ஏறும் வேகம்.

கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி, 2022 செப்டெம்பரில் ஆண்டுப் பணவீக்கம் 69.8 சதவீதம். அதாவது, ஒரு வருடத்துக்கு முன் 100 ரூபாவுக்கு வாங்கிய அதே வீட்டுச் சாமான்களுக்கு அப்போது ஏறத்தாழ 170 ரூபா வேண்டியிருந்தது. அடுத்த செப்டெம்பரில் பணவீக்கம் 1.3 சதவீதமாக விழுந்தது. சாமான்களின் மொத்த விலையோ 172 ரூபாவாயிற்று! (மரக்கறி விலை சில வாரம் இறங்கும், அது மழையையும் அறுவடையையும் பொறுத்தது.)

2021இல் உண்டியலில் போட்ட 1000 ரூபா, 2023இல் முன்பு 580 ரூபாவுக்குக் கிடைத்ததையே வாங்கியது. வாப்பாவின் சம்பளமும் 72 சதவீதம் கூடியிருந்தால்தான் அடுப்படி பழையபடி இருந்திருக்கும். எத்தனை வீடுகளில் அப்படிக் கூடியது?